லூயீஸ் ரிச்சர்ட்சன்: அயர்லாந்துக் கடற்கரையிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு துணைவேந்தர் பதவி வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராகி, பின்னர் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இரண்டு பழம்பெரும் பல்கலைக்கழகங்களுக்குத் தலைமை தாங்கியவர் லூயீஸ் ரிச்சர்ட்சன். பயங்கரவாதத்தை ஆராய்ந்த ஓர் அரசியல் அறிவியலாளர் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் பெண் துணைவேந்தரானது எப்படி என்று அறிய விரும்புவோருக்கும், உயர்கல்வி நிர்வாகத்தில் நாட்டமுள்ள மாணவர்களுக்கும் உதவும் வகையில் இந்தக் கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன.

அவர் எங்கே பிறந்தார்? குடும்பப் பின்னணி என்ன?

அயர்லாந்தின் தென்கிழக்கில், வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தில் உள்ள டிராமோர் என்ற சிறிய கடலோர ஊரில் 1958 ஜூன் மாதம் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம், வீட்டில் ஏழு பிள்ளைகள். பெற்றோர் கல்லூரிப் படி ஏறியவர்கள் அல்லர். வாட்டர்ஃபோர்டு நகரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் அவருடைய பள்ளிப் படிப்பு நடந்தது.

டெரி நகரத் துப்பாக்கிச்சூடு அவருடைய வாழ்க்கையில் ஏன் எப்போதும் பேசப்படுகிறது?

1972 ஜனவரி 30 அன்று, வட அயர்லாந்தின் டெரி நகரில் குடிமை உரிமைகள் கோரி ஊர்வலம் சென்ற மக்கள் மீது பிரிட்டிஷ் வான்குடைப் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். காயமடைந்த இன்னொருவர் சில மாதங்களுக்குப் பின் இறந்தார். அயர்லாந்து முழுவதும் கொந்தளித்தது. மூன்றே நாளில் டப்ளினில் இருந்த பிரிட்டிஷ் தூதரகம் கொளுத்தப்பட்டது. அப்போது ரிச்சர்ட்சனுக்கு 13 வயது. கண்டன ஊர்வலத்துக்குப் போயே தீருவேன் என்று நின்ற மகளை அவருடைய தாய் படுக்கையறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்த வயதில் தன்னை அழைத்திருந்தால் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் குடியரசுப் படையில் ஒரு கணமும் யோசிக்காமல் சேர்ந்திருப்பேன் என்று அவரே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இதை வெறும் சுவையான இளமைக்காலச் செய்தியாக எடுத்துக்கொண்டால் அவருடைய ஆய்வு புரியாது. ஆயுதம் எடுப்பவர்கள் மனநோயாளிகள் என்றோ அரக்கர்கள் என்றோ அவர் ஒருபோதும் எழுதாததற்குக் காரணம், அந்தக் கதவு பூட்டப்படாமல் இருந்திருந்தால் தாம் எந்தப் பக்கம் போயிருக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததுதான் என்று கருத இடமுண்டு.

அவர் அயர்லாந்தை விட்டு வெளியேறியது எப்போது?

ஒரே நாளில் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய புலம்பெயர்வு அல்ல அது. டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரியில் வரலாறு படித்தார். 1592இல் முதலாம் எலிசபெத் அரசியின் ஆணையால் தோன்றிய அந்தக் கல்லூரியில் கத்தோலிக்கர்கள் சேரக்கூடாது என்று அயர்லாந்தின் ஆயர்கள் விதித்திருந்த தடை 1970இல்தான் நீங்கியது. ஆகவே டிராமோரிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கப் பெண் அங்கே படித்ததும் அந்த நாளில் சாதாரணச் செய்தி அல்ல. ரோட்டரி உதவித்தொகை அவரைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துச் சென்றது. லாஸ் ஏஞ்சலிஸில் அரசியல் அறிவியலில் முதுகலைப் பட்டம், டிரினிட்டியில் வரலாற்றில் முதுகலைப் பட்டம் என்று சில ஆண்டுகள் இரண்டு கரைக்கும் இடையே கழிந்தன. பிறகு ஹார்வர்டில் சேர்ந்து 1989இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவிலேயே வேலை, திருமணம், மூன்று பிள்ளைகள், குடியுரிமை என்று வாழ்க்கை அங்கே வேர்பிடித்தது. கணவர் ஒரு மருத்துவர்.

ஹார்வர்டில் அவர் என்ன செய்தார்?

சுமார் 20 ஆண்டுகள் அங்கே இருந்தார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு பயங்கரவாதம் பற்றியதன்று. 1956 சூயஸ் நெருக்கடியிலும் 1982 ஃபாக்லாந்துப் போரிலும் பிரிட்டனும் அமெரிக்காவும் நண்பர்களாக இருந்துகொண்டே எப்படி முரண்பட்டன என்பதைப் பற்றியது. அரசியல் அறிவியல் துறையில் உதவிப் பேராசிரியராகவும் இணைப் பேராசிரியராகவும் இருந்த காலத்தில், 1990களின் நடுப்பகுதியிலிருந்து பயங்கரவாத இயக்கங்களைப் பற்றிப் பாடம் நடத்திவந்தார். அன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது ஓரமாகக் கிடந்த பாடம்.

2001ஆம் ஆண்டின் நடுவில் அவர் ராட்கிளிஃப் உயராய்வு நிறுவனத்தின் நிர்வாகத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பெண்களுக்கான கல்லூரியாக இருந்த ராட்கிளிஃப் 1999இல் ஹார்வர்டுடன் முழுவதும் இணைக்கப்பட்டு ஆய்வு நிறுவனமாக உருமாறிக்கொண்டிருந்த நேரம் அது. பிற்காலத்தில் ஹார்வர்டின் தலைவரான ட்ரூ ஃபாஸ்ட்தான் இந்த ஆய்வு நிறுவனத்தின் முதல் தலைவர். நிர்வாகத்தை ரிச்சர்ட்சன் கற்றது இங்கேதான். பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. ஒதுக்குப்புறமாக இருந்த அவருடைய பாடத்தைக் கேட்க நாடே காத்திருந்தது. பகலில் நிர்வாகம், மாலையில் மேடைப் பேச்சு என்றே அந்த ஆண்டுகள் கழிந்தன.

பயங்கரவாதம் பற்றிய அவருடைய முக்கியமான கருத்துகள் என்ன?

2006இல் வெளிவந்த நூலில் அவர் அதைச் சுருக்கமாகச் சொன்னார். மனக்கசப்புற்ற ஒரு மனிதர், அவருக்குத் துணைநிற்கும் ஒரு சமூகம், அவருடைய செயலை நியாயப்படுத்தும் ஒரு கொள்கை ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் பயங்கரவாதம் பிறக்கிறது. அப்படிப் பிறந்த இயக்கங்கள், பழிவாங்குதல், புகழ், எதிர்வினை ஆகிய மூன்றை உடனடியாக நாடுகின்றன. நீண்டகால அரசியல் இலக்கை அவை எட்டுவது அரிது. ஆனால் இந்த மூன்றும் பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றன. அரசு ஆத்திரப்பட்டு அளவுக்கு மீறித் தாக்கினால், எதிரி கேட்டதையே கொடுத்ததாகிவிடும்.

இந்த வாதத்தின்படி, 2001க்குப் பிறகு அமெரிக்கா ‘பயங்கரவாதத்தின் மீது போர்’ என்று பிரகடனம் செய்ததே பெரும் தவறு. போர் என்று அறிவித்ததன் மூலம் ஒரு சிறு குழுவைத் தனக்கு நிகரான எதிரியாக உயர்த்தி, அது தேடிய புகழை வல்லரசே வழங்கிவிட்டது என்றார். அன்றைய அமெரிக்காவில், அதுவும் வெளிநாட்டில் பிறந்த ஒருவர், இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

விடுதலைப் புலிகளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறாரா?

எழுதியிருக்கிறார். தற்கொலைத் தாக்குதல் ஒரு மதத்துக்கே உரியது என்ற பொதுவான எண்ணத்தை மறுப்பதற்கு அவர் எடுத்துக்காட்டும் இயக்கங்களில் விடுதலைப் புலிகளும் உண்டு. மதத்தின் பெயரால் இயங்காத ஒரு தேசியவாத இயக்கம் அந்த முறையைக் கையாண்டதால், விளக்கத்தை இறையியலில் தேடாமல் அமைப்பின் கட்டுக்கோப்பிலும் அரசியல் சூழலிலும் தேட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

தமிழ் வாசகர்கள், குறிப்பாக ஈழத் தமிழ் வாசகர்கள், இங்கே ஒரு கேள்வியை எழுப்புவது இயல்பு. அரசியல் நோக்கத்துக்காகப் பொதுமக்களைத் திட்டமிட்டுத் தாக்குவதே பயங்கரவாதம் என்று வரையறுக்கும் ரிச்சர்ட்சன், அந்தச் சொல்லை அரசல்லாத குழுக்களுக்கு மட்டுமே பயன்படுத்துகிறார். அரசுகள் பொதுமக்களைக் கொல்வதில்லை என்று அவர் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரின் நகரக் குண்டுவீச்சுகளையே அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். ஆய்வில் தெளிவு வேண்டும் என்பதற்காக இரண்டையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும் என்பதே அவர் வாதம். வகைப்படுத்துவதற்கு இது வசதியானதுதான். ஆனால் இரு தரப்பு வன்முறைக்கும் இடையில் சிக்கிய மக்களின் கணக்கில் பாதியை இந்த வரையறை வேறொரு பேரேட்டுக்குத் தள்ளிவிடுகிறது. அந்த நூல் இலங்கைப் போர் முடிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அவர் வகித்த பதவி என்ன?

2009 ஜனவரியில் அங்கே முதல்வராகவும் துணைவேந்தராகவும் பொறுப்பேற்றார். 1413இல் போப்பாண்டவரின் ஆணை பெற்ற அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவரே முதல் பெண் தலைவர். நவீன காலத்தில் முதல் கத்தோலிக்கத் தலைவரும் அவரே. 600ஆவது ஆண்டு விழா அவருடைய காலத்தில் நடந்தது. அதையொட்டி 10 கோடி பவுண்டு திரட்டும் முயற்சியும் தொடங்கியது.

கோல்ஃப் கிளப் சர்ச்சை என்பது என்ன?

செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் பல்கலைக்கழகத்துக்குப் பெயர்பெற்றது. அதைவிட கோல்ஃப் விளையாட்டுக்குப் பெயர்பெற்றது. பழைய மைதானத்தில் முதல் அடி அடிக்கும் இடத்துக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கும் கட்டடம், 1754இல் தொடங்கிய ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கோல்ஃப் கிளப்பினுடையது. பல்கலைக்கழகத்தின் முதல்வருக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி அளிப்பது அங்கே வழக்கமாக இருந்தது. ரிச்சர்ட்சன் வந்தபோது அந்த வழக்கம் நின்றது, ஏனெனில் கிளப்பில் பெண்களுக்கு இடமில்லை.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அன்று. நன்கொடையாளர்களும் முன்னாள் மாணவர்களும் செல்வாக்குள்ளவர்களும் கூடும் இடத்தில் பல்கலைக்கழகத் தலைவரால் நுழைய முடியவில்லை என்றால் அது அவருடைய வேலைக்கே தடை. கிளப் உறுப்பினர்கள் சிலர் தங்கள் கிளப்பின் கழுத்துப்பட்டையைத் தமக்கு முன்னால் ஆட்டிக்காட்டிக் கேலி செய்வதுண்டு என்று 2014இல் அமெரிக்க நாளிதழ் ஒன்றிடம் அவர் சொன்னார். 600 ஆண்டுப் பழமையுள்ள பல்கலைக்கழகத்தின் தலைவர் முன் ஒரு வளர்ந்த மனிதர் கழுத்துப்பட்டையை ஆட்டிக்காட்டும் காட்சியை எண்ணிப் பார்த்தால், வெளியே நின்றவர் யார் என்பதைவிட உள்ளே இருந்தவர்களின் நிலைமைதான் நகைப்புக்குரியதாகத் தோன்றுகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று வாக்களித்த உறுப்பினர்களில் 85 சதவீதத்தினர் பெண்களைச் சேர்க்க ஒப்புதல் தந்தார்கள். ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்ற பொது வாக்கெடுப்பும் அன்றுதான் நடந்தது. ஸ்காட்லாந்து பிரிந்தால் ஆராய்ச்சி நிதி பாதிக்கப்படக்கூடும் என்று ரிச்சர்ட்சன் வெளிப்படையாகவே கவலை தெரிவித்திருந்தார்.

ஆக்ஸ்ஃபோர்டில் துணைவேந்தரின் அதிகாரம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் ஆளுநர் வேந்தராக இருக்கும் பல்கலைக்கழகங்களைப் பார்த்துப் பழகியவர்கள், ஆக்ஸ்ஃபோர்டு துணைவேந்தர் எல்லாவற்றையும் கையெழுத்திட்டு முடிக்கக்கூடியவர் என்று நினைக்கக்கூடும். அங்கே வேந்தர் பதவி பெரும்பாலும் சடங்கு சார்ந்தது. அன்றைய வேந்தர் கிறிஸ் பேட்டன். அன்றாடத் தலைமை துணைவேந்தருடையதுதான். ஆனால் 40க்கு நெருக்கமான கல்லூரிகளில் பெரும்பாலானவை தனிச் சொத்தும் தனி ஆட்சிக்குழுவும் உடையவை. இளங்கலை மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவையே. இதற்கு மேல், ஆசிரியர்களும் நிர்வாகிகளுமாக ஐயாயிரம் பேருக்கு மேல் உறுப்பினராக உள்ள ‘காங்கிரகேஷன்’ என்ற பேரவை துணைவேந்தரின் முடிவையே தோற்கடிக்க முடியும்.

1230 முதல் ஆவணப்படுத்தப்பட்ட இந்தப் பதவியில், 2016 ஜனவரியில் 272ஆவது துணைவேந்தராக ரிச்சர்ட்சன் அமர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியதே 1920இல்தான்.

2018 ஓய்வூதியப் போராட்டத்தில் என்ன நடந்தது?

பேரவையின் பலத்தை அவர் நேரில் கண்ட தருணம் அது. பிரிட்டிஷ் பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஓய்வூதியத் திட்டத்தை மாற்றும் யோசனையை எதிர்த்து நாடு முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது. மார்ச் 6 அன்று காங்கிரகேஷன் கூட்டத்தில் அதைப் பற்றி விவாதிக்க விடாமல் சில உறுப்பினர்கள் எழுந்து நின்று விதியைப் பயன்படுத்தித் தடுத்தார்கள். கோபம் பொங்கியது. மறுநாளே ரிச்சர்ட்சன் ஊழியர்களின் உணர்வை ஏற்று, பல்கலைக்கழகத்தின் நிலைப்பாட்டை மாற்றுவதாக அறிவித்தார்.

ரோட்ஸ் சிலை விவகாரத்திலும் கருத்துச் சுதந்திரத்திலும் அவர் நிலைப்பாடு என்ன?

ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் பேரரசை விரிவாக்கிய செசில் ரோட்ஸின் சிலை ஓரியல் கல்லூரியின் முகப்பில் நிற்கிறது. அதை அகற்றக் கோரும் மாணவர் இயக்கம் சூடுபிடித்திருந்த நேரத்தில்தான் அவர் பதவியேற்றார். சிலை கல்லூரியுடையது, பல்கலைக்கழகத்துடையது அன்று. இருந்தாலும் அவர் ஒதுங்கிப் போகவில்லை. மாணவர்கள் தமக்கு ஒவ்வாத கருத்துகளைக் கேட்டு, வாதிட்டு, தேவையென்றால் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் இடமாகப் பல்கலைக்கழகம் இருக்க வேண்டும் என்று பதவியேற்பு உரையிலேயே சொன்னார். 2020இல் இதே கேள்வி மீண்டும் எழுந்தபோது, வரலாற்றை மறைப்பது அறிவு பெறும் வழியன்று என்ற பொருளில் பேசினார். அப்போது ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்கள் 14 பேர் அவரைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சிலையை அகற்ற விரும்புவதாக முதலில் சொன்ன ஓரியல் கல்லூரி, 2021இல் செலவையும் சட்டச் சிக்கலையும் காரணம் காட்டிச் சிலையை அங்கேயே விட்டுவிட்டது.

2017இல் எழுந்த சர்ச்சை இதைவிடக் கடுமையானது. தன்பால் ஈர்ப்புக்கு எதிரான கருத்துடைய ஆசிரியர்களைப் பற்றி மாணவர்கள் புகார் செய்தால், உங்களைச் சௌகரியமாக உணரவைப்பது என் வேலையல்ல, அந்தக் கருத்தை எதிர்த்து வாதிடுங்கள் என்று தாம் பதில் சொல்வதாக ஒரு மாநாட்டில் பேசினார். பாகுபாட்டுக்கு ஆளாகும் மாணவர்களைத் துணைவேந்தரே கைவிட்டுவிட்டதாகப் பலர் எதிர்த்து எழுதினார்கள். அவர் விளக்க அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. பொதுவான கொள்கையாக அவர் சொன்னது சரியே. ஆனால் மதிப்பெண் போடும் ஆசிரியரிடம் 18 வயது மாணவர் சரிக்குச் சரியாக நின்று வாதிட முடியும் என்று எதிர்பார்ப்பது அதிகார வேறுபாட்டை மறந்த பேச்சு என்ற விமர்சனத்தையும் தள்ளிவிட முடியாது.

அவருடைய சம்பளம் ஏன் விவாதமானது?

ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பவுண்டு. துணைவேந்தர்களின் ஊதியத்தை அரசியல்வாதிகள் சாடிவந்த காலத்தில், அதே 2017 மாநாட்டில் அவர் அந்த அரசியல்வாதிகளையே மட்டமானவர்கள் என்ற பொருள்படச் சாடி, கால்பந்து வீரர்களும் வங்கியாளர்களும் வாங்குவதோடு தம் ஊதியத்தை ஒப்பிட்டார். கட்டணக் கடனில் மூழ்கியிருந்த மாணவர்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களின் சேர்க்கை அவர் காலத்தில் உயர்ந்ததா?

உயர்ந்தது. பிரிட்டிஷ் இளங்கலை மாணவர்களில் அரசுப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் 2016இல் 58 சதவீதமாக இருந்தனர். 2020 முதல் 68 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தனர். பின்தங்கிய சூழலிலிருந்து வரும் மாணவர்களுக்காக 2019 மே மாதத்தில் இரண்டு திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று, தேர்வான மாணவர்களுக்கு முதல் பருவம் தொடங்கும் முன் பயிற்சி அளிப்பது. இன்னொன்று, மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் திறமையுள்ளவர்களுக்கு ஓராண்டு அடித்தளப் படிப்பு. இரண்டாவது திட்டத்தின் முதல் மாணவர்கள் வந்து சேர்ந்தபோது அவர் பதவியில் இல்லை.

இங்கிலாந்தின் பிள்ளைகளில் தனியார் பள்ளிகளில் படிப்போர் சுமார் 7 சதவீதத்தினரே என்பதை வைத்துப் பார்த்தால், 68 சதவீதம் என்பதும் சமநிலைக்கு வெகுதூரம். ஆனால் தேர்வு கல்லூரிகளின் கையில் இருக்கும் ஓரிடத்தில், துணைவேந்தரால் ஆணையிட முடியாது. ஒவ்வொரு கல்லூரியாக இசையவைக்கத்தான் முடியும். அவருடைய பதவிக்காலத்தில் வெளியில் அதிகம் பேசப்படாத சாதனை இதுவே.

நன்கொடைகள்?

2019இல் அமெரிக்க முதலீட்டாளர் ஸ்டீஃபன் ஷ்வார்ஸ்மன் இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற மானுடப் பண்பாட்டுத் துறைகளுக்கான மையத்துக்கு 15 கோடி பவுண்டு தந்தார். பணம் வந்த இடத்தைப் பற்றிக் கேள்விகளும் எழுந்தன. 30 ஆண்டுகளுக்குப் பின் உருவான புதிய கல்லூரியான ரூபன் கல்லூரியும் இவர் காலத்ததே.

கோவிட் தடுப்பூசியில் அவருக்கு என்ன பங்கு?

ஊசியை உருவாக்கியவர்கள் சாரா கில்பர்ட், ஆண்ட்ரூ பொலார்ட் உள்ளிட்ட அறிவியலாளர்கள். துணைவேந்தரின் பங்கு அந்த வேலைக்குப் பணமும் ஒப்பந்தமும் தடையின்றிக் கிடைக்கச் செய்வது. 2020 ஏப்ரல் இறுதியில் அஸ்ட்ராஜெனிகா நிறுவனத்துடன் ஆக்ஸ்ஃபோர்டு உடன்பாடு கண்டபோது, பெருந்தொற்றுக் காலத்தில் இலாபமின்றி வழங்க வேண்டும், ஏழை நாடுகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பவை அதில் இடம்பெற்றன. புணேயின் சீரம் நிறுவனம் ‘கோவிஷீல்டு’ என்ற பெயரில் தயாரித்தது அந்த ஊசியைத்தான். 2021 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பெற்றது அதுவே. மிக அரிதாக இரத்தம் உறையும் பக்கவிளைவு தெரியவந்த பிறகு, சில நாடுகள் அதை இளவயதினருக்குத் தவிர்த்தன.

அந்த வெற்றியின் பெருமிதத்தில் அவர் 2021இல் சொன்ன ஒரு வார்த்தை அரசியலைச் சீண்டியது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது பற்றிய பிரெக்ஸிட் விவாதக் காலத்தில், நிபுணர்களைக் கேட்டு மக்களுக்குச் சலித்துவிட்டது என்று பேசியவர் அமைச்சர் மைக்கேல் கோவ். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர் என்பதை ஒப்புக்கொள்ளத் தமக்கு வெட்கமாக இருக்கிறது என்றார் ரிச்சர்ட்சன்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பிறகு அவர் எங்கே சென்றார்?

2022 இறுதியில் பதவிக்காலம் முடிந்தது. மூளை ஆராய்ச்சியாளர் ஐரீன் டிரேசி அடுத்த துணைவேந்தரானார். ரிச்சர்ட்சன் 2023 ஜனவரியில் நியூயார்க்கின் கார்னெகி அறக்கட்டளைக்குத் தலைவரானார். ஸ்காட்லாந்திலிருந்து சிறுவனாகக் குடியேறிய ஆண்ட்ரூ கார்னெகி 1911இல் நிறுவியது அது. இவருக்கு முன் அங்கே நெடுங்காலம் தலைவராக இருந்த வார்த்தன் கிரிகோரியன், ஈரானில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். அமெரிக்காவில் முற்றிவரும் அரசியல் பிளவைக் குறைப்பதை அறக்கட்டளையின் முதன்மை நோக்கங்களில் ஒன்றாக ரிச்சர்ட்சன் ஆக்கினார்.

தாய்நாட்டுடன் அவருக்கு உறவு தொடர்ந்ததா?

தொடர்ந்தது, உரசலுடன். உக்ரைன் போர் தொடங்கிய பின் அயர்லாந்தின் பாதுகாப்புக் கொள்கையை ஆராய 2023 ஜூனில் அரசு ஒரு பொது ஆலோசனை மன்றம் அமைத்து, ரிச்சர்ட்சனைத் தலைவராக்கியது. நாட்டின் நடுநிலைக் கொள்கையைக் கைவிடவே இந்த ஏற்பாடு என்று சந்தேகித்தவர்கள் கார்க் நகரில் நடந்த முதல் அமர்விலேயே குரல் எழுப்பி இடைமறித்தார்கள். அன்றைய குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸும் ஒரு பேட்டியில், முந்தைய ஆண்டு பிரிட்டிஷ் அரசு ரிச்சர்ட்சனுக்கு வழங்கிய ‘டேம்’ பட்டத்தைக் குத்திக்காட்டினார். பிறகு அதற்காக வருத்தமும் தெரிவித்தார். பிரிட்டிஷ் துருப்புகள் சுட்டதற்காக ஊர்வலம் போகத் துடித்த பெண்ணைப் பிரிட்டிஷ் பட்டத்தைக் காட்டிச் சந்தேகிப்பது புலம்பெயர்ந்தோர் பலரும் அறிந்த அனுபவம்தான்.

2023 அக்டோபரில் வெளியான அவருடைய அறிக்கை எதிர்ப்பாளர்கள் அஞ்சியபடி இல்லை. நடுநிலைக் கொள்கையை மாற்ற மக்களிடம் ஆதரவு இல்லை என்று அது தெளிவாகப் பதிவு செய்தது. ஆனால் 12 பேருக்கு மேல் துருப்புகளை வெளிநாட்டுக்கு அனுப்ப ஐ.நா., அமைச்சரவை, நாடாளுமன்றம் ஆகிய மூன்றின் ஒப்புதலும் வேண்டும் என்ற விதியை மறுபரிசீலனை செய்யும் காலம் வந்துவிட்டது என்பதே துறை வல்லுநர்களில் பெரும்பாலோரின் கருத்து என்றும் எழுதினார். விவாதம் அதன்பின் அந்த ஒரு விதியைச் சுற்றியே நடந்துவருகிறது.